பட்டுச் சேலைக்குச் செய்கூலி எவ்வளவு?

போன வாரம் கேன்டீன்ல அரட்டை அடிச்சுக்கிட்டு இருந்தப்போ பேச்சு எப்படியோ எங்க ஊர்ப் பக்கம் திரும்பிடுச்சு. ஒரு நண்பன் ரொம்ப அக்கறையா ஒரு யோசனை சொன்னான். "டேய், உங்க வீட்லயே தறி இருக்கு. இன்ஸ்டாகிராம்ல ஒரு பக்கம் ஆரம்பி. நடுவுல இருக்கிறவன் எல்லாரையும் தூக்கிட்டு நேரா வித்துடு. கடையை விட பாதி விலைக்குக் குடுத்தா அள்ளிட்டுப் போவாங்க. உங்கப்பாவும் முதலாளி ஆயிடுவாரு."

சுத்தி இருந்த எல்லாரும் தலையை ஆட்டினாங்க. நான் சமோசாவைப் பிச்சுத் தின்னுக்கிட்டு பேசாம வந்துட்டேன். அங்கே போடாத சண்டையை இங்கே போடப் போறேன் :-)

மக்களே, முதல்லயே சொல்லிடறேன். காஞ்சிபுரத்துல பிள்ளையார்பாளையம் பக்கம் பொறந்து, தறிச் சத்தத்துல தூங்கி வளர்ந்தவன் நான். அதனால "ஆஹா பட்டு, ஓஹோ பாரம்பரியம், ஆயிரம் கோயில் நகரம்"னு எழுத எனக்கு வராது. அப்படி எழுத நிறைய பேர் இருக்காங்க. எனக்குக் கணக்குதான் வரும். கணக்கிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

ஒரு பாவு, மூணு சேலை

தெரியாதவங்களுக்காக. பாவுன்னா தறியில நீளவாக்குல ஓடுற நூல். எங்க வீட்ல ஒரு பாவுல மூணு சேலை வரும். கோர்வைச் சேலைன்னா உடலும் கரையும் வேற வேற நிறம். ரெண்டும் தனித்தனி நாடாவுல ஓடும், சேருற இடத்துல ஒண்ணோட ஒண்ணு கோர்த்துக்கும். மூணு நாடா வேணும். ஒரு ஆளால ஓட்ட முடியாது, பக்கத்துல உட்கார்ந்து அந்தப் பக்கக் கரைக்கு நாடா தள்ள இன்னொரு ஆள் வேணும். எங்க வீட்ல நெய்யறது அப்பா, நாடா தள்ளறது அம்மா.

ஒரு பாவு முடிய ஒன்றரை மாசம் ஆகும். அமாவாசைக்குத் தறி ஏற மாட்டாங்க. அது இதுன்னு கழிச்சா 40 நாள் வேலை. ஒரு நாளைக்கு 9 மணி நேரம், ரெண்டு பேர். மொத்தம் 720 மணி நேரம். மூணு சேலைக்கும் சேர்த்து எங்க வீட்டுக்கு வர்ற கூலி 24,000 ரூபாய்.

வகுத்துப் பாருங்க. ஒரு மணி நேரத்துக்கு 33 ரூபாய் சொச்சம். எங்க கேன்டீன்ல ஒரு டீயும் ஒரு சமோசாவும். ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு 300 ரூபாய். 2025-26ல நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டுக்கு அறிவிச்ச ஒரு நாள் கூலி 336 ரூபாய். அந்த 336 அதிகம்னு நான் சொல்லல. முப்பது வருஷம் தறியில உட்கார்ந்த கைக்கு அதை விடக் கம்மின்னு சொல்றேன்.

இதுல ராத்திரி சாப்பிட்டுட்டு அம்மா தார் சுத்துறது கணக்குல வரல. பழைய பாவு முடிஞ்சதும் புதுப் பாவோட ஆயிரக்கணக்கான இழையை ஒவ்வொண்ணா எடுத்து விரலால முறுக்கி இணைக்கணும், அதுவும் வரல. மழைக்காலத்துல தறிக்குழியில ஈரம் ஊறி வேலை நிக்கிற நாளும் வரல.

எங்க வீடு மட்டும் இப்படின்னு நினைச்சுடாதீங்க. மத்திய அரசு எடுத்த நாலாவது கைத்தறிக் கணக்கெடுப்பு (2019-20) நாடு முழுக்க 35 லட்சத்துக்கும் மேல கைத்தறித் தொழிலாளிங்க இருக்காங்கன்னு சொல்லுது. அதுல மூணுல ரெண்டு பங்கு குடும்பங்களோட மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. ஒரு ஆளோட வருமானம் இல்ல, குடும்பத்தோட மொத்த வருமானம்!

நான் முதலாளி ஆன கதை

நண்பன் சொன்ன யோசனை எனக்கு ஏற்கனவே வந்துச்சு. காலேஜ் முதல் வருஷம். அப்பாவுக்கு முதலாளிகிட்ட முன்பணப் பாக்கி தீர்ந்திருந்த நேரம். "அடுத்த பாவு நம்ம சொந்தப் பாவு"ன்னு வீட்ல எல்லாரையும் சம்மதிக்க வச்சேன். அம்மாவோட வளையலை அடகு வச்சு 33,000 ரூபாய்க்குப் பட்டு, சாயம், சரிகை எல்லாம் வாங்கினோம். ஒரு சேலைக்கு 11,000. அதே மாதிரிச் சேலை காந்தி ரோடு கடைகள்ல 28,000. நான் 21,000ன்னு விலை வச்சேன். கடையை விட 7,000 மலிவு, நெய்யறவர்கிட்டயே நேரா வாங்கலாம், இதை விட என்ன வேணும்னு ஒரே பெருமை.

முதல்ல ஒருத்தங்க. "நேராத்தானே தம்பி விக்கறீங்க, கடை வாடகையா, ஏசியா, என்ன செலவு உங்களுக்கு? கொஞ்சம் பார்த்துக் குடுங்க." 19,000. ரெண்டாவது ஆளுக்கு 18,000. மூணாவது சேலை போய்ச் சேர்ந்து நாலாம் நாள் திரும்பி வந்துச்சு, "போட்டோல பார்த்த கலர் இல்ல". பீரோவுல அஞ்சு மாசம் தூங்கிட்டு, கடைசியில தெரிஞ்சவங்க வீட்டுக் கல்யாணத்துக்கு 15,000க்குப் போச்சு.

மொத்த வரவு 52,000. சாமான் செலவு 33,000. அடகு வட்டி, கூரியர் செலவு 3,000. மிச்சம் 16,000.

அதே பாவை முதலாளிக்கு நெய்திருந்தா கூலி 24,000.

அதாவது ஒரு சேலை நெய்த கூலி அப்படியே காணோம். அந்த வருஷம் எங்கப்பாவுக்குக் கூலி குறைச்சுக் குடுத்த முதலாளி வேற யாரும் இல்ல. நான்தான்.

அப்பா ஒண்ணும் சொல்லல. "வித்துப் பழகினே, போகட்டும்"னு சொல்லிட்டு அடுத்த பாவுக்கு முதலாளி வீட்டுக்குப் போயிட்டாரு. எனக்குத்தான் ரொம்ப நாள் தூக்கம் வரல. நான் யாரையும் ஏமாத்தல, யாரும் என்னை ஏமாத்தல. வாங்கின மூணு பேரும் நல்லவங்கதான். அப்புறம் அந்த 8,000 எங்கே போச்சு?

யோசிச்சு யோசிச்சு ஒரு விஷயம் புரிஞ்சது. விலை குறைக்கணும்னா எதுல குறைக்க முடியும்? பட்டு நூல் கடைக்காரர் குறைக்க மாட்டார். சரிகையோட விலை வெள்ளி, தங்கத்தோட சேர்ந்து ஏறும். 2025ல வெள்ளி ஏறின ஏற்றம் எல்லாருக்கும் தெரியும். அடகுக் கடைக்காரர் வட்டியில பைசா குறைக்க மாட்டார். கூரியர்காரரும் மாட்டார். எல்லாருக்கும் ஒரு ரேட் இருக்கு. ரேட் இல்லாதது ஒண்ணே ஒண்ணு, அப்பா அம்மாவோட 720 மணி நேரம். பேரம் பேசப் பேச அதுலதான் குறைஞ்சுக்கிட்டே வரும். சேலை விலை ஏறினா சரிகைக்காக ஏறுது, இறங்கினா கூலியில இறங்குது. முதலாளி வச்சிருந்தாலும் சரி, மகன் வச்சிருந்தாலும் சரி, இதுதான் கணக்கு.

அதனாலதான் "நடுவுல இருக்கிறவனைத் தூக்கு"ன்னு யாராவது சொன்னா எனக்குக் கோபம் வருது. நடுவுல இருக்கிறவர் சரக்கை வாங்கி வச்சுக்கிட்டு, விக்கிற வரைக்கும் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்புக்கு வட்டி போட்டுத்தான் விலை வைக்கிறார். அந்த அஞ்சு மாசம் எங்க வீட்டு பீரோவைத் திறக்குறப்போ எல்லாம் அது எனக்குப் புரிஞ்சது. அவர் வேலையை நான் இலவசமா செஞ்சேன், அதுக்கு மேல அப்பா அம்மாவோட வேலையையும் பாதி இலவசமா குடுத்தேன். இதுக்குப் பேர் சுயதொழில்!

எங்க ஊருக்கு வந்து பாருங்க. கோயில் வாசல்ல வண்டி நின்னு நீங்க செருப்பைக் கழட்டறதுக்குள்ள ஒருத்தர் வந்து, "சார், நேரா தறியிலயே வாங்கலாம், வாங்க"ன்னு கூட்டிட்டுப் போவார். அவருக்குக் கமிஷன் உண்டு, சதவீதக் கணக்குல. கடைக்கு லாபம் உண்டு, அதுவும் சதவீதக் கணக்குல. அரசுக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. சேலை விலை ஏறினா இவங்க எல்லாருக்கும் தானா ஏறும். நெய்யறவனுக்கு மட்டும்தான் சதவீதம் கிடையாது.

மூணு முத்திரை இருக்கு, ஆனா...

"அரசாங்கம் எவ்வளவோ செய்யுதே"ன்னு கேப்பீங்க. செய்யுது, மறுக்கல. கைத்தறி வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட் இலவச மின்சாரம் இருக்கு, எங்க வீட்லயும் வாங்குறோம். 1985ல ஒரு சட்டம் வந்துச்சு. கரையும் முந்தானையும் வச்ச சேலை மாதிரி சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும்னு ஒதுக்கிச்சு. மீறி விசைத்தறியில ஓட்டினா ஆறு மாசம் வரைக்கும் சிறைன்னும் எழுதியிருக்கு. 1993ல உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும்னு சொல்லிடுச்சு. முதல்ல 22 ரகம் ஒதுக்கினாங்க, அப்புறம் அது 11 ஆச்சு. விசைத்தறிச் சேலையைக் காஞ்சிப் பட்டுன்னு சொல்லி விக்கறது இன்னும் நிக்கல.

முத்திரைகளுக்கும் குறைச்சல் இல்ல. 2004ல சில்க் மார்க் வந்துச்சு, அது சொல்றது "இது சுத்தப் பட்டு"ன்னு. 2005-06ல காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது, அது சொல்றது "இது இந்த ஊர்ச் சரக்கு"ன்னு. 2006ல கைத்தறி முத்திரை வந்துச்சு, அது சொல்றது "இது கைத்தறியில நெய்தது"ன்னு. பூச்சி நூலுக்குச் சான்றிதழ், ஊருக்குச் சான்றிதழ், தறிக்குச் சான்றிதழ். தறியில உட்கார்ந்தவனுக்கு என்ன குடுத்தாங்கன்னு சொல்ல ஒரு முத்திரை இல்ல!

2010கள்ல கோ-ஆப்டெக்ஸ் பட்டுச் சேலையோட நெய்தவரோட பேரும் படமும் போட்ட அட்டை வச்சாங்க. நல்ல விஷயம், மனசாரச் சொல்றேன். ஆனா முகத்தைப் போட்டவங்க கூலியைப் போடல.

தீபாவளிக்குத் தள்ளுபடி குடுப்பாங்க, 30 சதவீதம். நல்லா கவனிங்க, தள்ளுபடி வாங்குறவருக்கு. கைத்தறியைக் காப்பாத்துறதுன்னா சேலையை மலிவாக்குறதுன்னு எல்லாருமே முடிவு பண்ணிட்டோம். எங்க ஊர்ல பொறந்த அண்ணா 1950கள்ல கைத்தறித் துணியைத் தோள்ல சுமந்து தெருவுல வித்தார்னு பெரியவங்க பெருமையா சொல்வாங்க. அன்னிக்குப் பிரச்சினை துணி தேங்கிக் கிடந்தது, அதனால "வாங்குங்க"ன்னு சொன்னது சரி. இன்னிக்கு முகூர்த்த நாள்ல எங்க ஊர்க் கடைகள்ல கால் வைக்க இடம் இருக்காது. சேலை விக்குது, நெய்யறவன் வீட்ல பணம் நிக்கல. எழுபது வருஷம் கழிச்சும் அதே "கைத்தறி வாங்குங்க"தானா? ஆகஸ்ட் 7 கைத்தறி தினம்னு 2015ல சென்னையில வச்சுத்தான் தொடங்கினாங்க. 2020ல அதே கைத்தறி தினத்துக்குச் சில நாள் முன்னாடி அகில இந்தியக் கைத்தறி வாரியத்தைக் கலைச்சாங்க. நாள் மிச்சம், வாரியம் போச்சு.

பிள்ளைங்க படிக்கப் போனதாலயா?

இன்னொரு புலம்பல் எங்க ஊர்லயே கேட்கும். "முன்னெல்லாம் கோர்வைக்கு நாடா தள்ள சின்னப் பசங்க கிடைப்பாங்க. இப்ப எல்லாம் ஸ்கூலுக்குப் போயிட்டானுங்க, கோர்வை அழிஞ்சுடுச்சு."

இதைக் கேட்டா எனக்கு உடம்பெல்லாம் எரியும். அப்பா எட்டு வயசுல தறியில உட்கார்ந்தவர். நான் உட்காரலன்னா, ஊர்ல ரொம்ப பேர் வருஷக்கணக்கா வீடு வீடா ஏறிப் பசங்களைத் தறியிலிருந்து எழுப்பி ஸ்கூலுக்கு அனுப்பினதுதான் காரணம். ஒரு கலை உயிரோட இருக்க ஒரு குழந்தையோட கை இலவசமா வேணும்னா, அந்தக் கலையில ஏதோ கணக்குத் தப்புன்னு அர்த்தம். கோர்வைக்கு ஆள் கிடைக்கலன்னு சொல்லாதீங்க. கோர்வைக்குப் பெரியவங்களுக்குக் குடுக்குற கூலி கிடைக்கலன்னு சொல்லுங்க. எங்க வீட்ல அந்த இடத்துல இப்ப அம்மா உட்கார்ந்திருக்காங்க. குழந்தைக்குக் குடுக்காத கூலியை இப்ப அம்மாவுக்குக் குடுக்காம இருக்கோம், அவ்வளவுதான் மாற்றம்.

எங்க தெருவுல என் வயசுப் பசங்க யாரும் தறிக்குப் போகல. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி பஸ் வரும், ஏறிப் போயிடுவாங்க. அவங்களைப் போய் "பாரம்பரியத்தை விட்டுட்டீங்களே"ன்னு கேட்க எனக்கு வாய் வராது. அங்கே மாசம் பொறந்தா சம்பளம், ஓவர்டைம் செஞ்சா அதுக்குத் தனிக் காசு. மணி நேரத்துக்கு மதிப்பு இருக்கிற இடத்துக்கு மனுஷன் போவான்.

நகைக்கடை பில்லைப் பார்த்திருக்கீங்களா?

சரி, என்னதான் செய்யச் சொல்றேன்னு கேப்பீங்க. ஒண்ணே ஒண்ணு.

உங்க வீட்ல நகை வாங்கின பில் இருந்தா எடுத்துப் பாருங்க. தங்கம் இவ்வளவு கிராம், சேதாரம் இவ்வளவு, செய்கூலி இவ்வளவுன்னு தனியா போட்டிருக்கும். நாமளும் அதைக் கேட்டுச் சண்டை போடுவோம். "செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை"ன்னு விளம்பரமே பண்றாங்க. கல்யாணத்துக்கு நகை வாங்கின கையோட அடுத்த கடையில முகூர்த்தப் பட்டு வாங்குறோம். 28,000க்கு ஒத்தை வரி பில். பட்டு எவ்வளவு, சரிகை எவ்வளவு, செய்கூலி எவ்வளவு? நாமும் கேட்கறதில்ல, அவங்களும் சொல்றதில்ல. நகைக்கடை விளம்பரத்துக்குச் சொல்றதை எங்க தறியில நிஜமாவே நடத்திக் காட்டுறாங்க. செய்கூலி இல்லை!

பட்டுச் சேலை பில்லுல செய்கூலியைத் தனி வரியா போடணும். இதுதான் என் வாதம், மொத்தமும் இதுதான். எழுதிட்டா என்ன ஆகும்? பேரம் பேசறவங்க எதுல பேரம் பேசறோம்னு தெரிஞ்சு பேசுவாங்க. சரிகை விலை ஏறி சேலை 4,000 ஏறுறப்போ செய்கூலி வரி மட்டும் போன வருஷத்து எண்ணாவே நிக்கிறது கண்ணுல படும். 'கைத்தறி'ன்னு சொல்லி விசைத்தறிச் சரக்கை விக்கறவர் அந்த வரியில என்ன எழுதுவார்னு ஒரு நிமிஷம் திணறுவார்.

யார் முதல்ல ஆரம்பிக்கணும்? எங்க ஊர் பட்டுக் கூட்டுறவு சங்கங்களும் கோ-ஆப்டெக்ஸும்தான். அங்கே எந்த ரகத்துக்கு எவ்வளவு கூலின்னு கணக்கு ஏற்கனவே புத்தகத்துல இருக்கு. அதை எடுத்து பில்லுல அச்சடிக்க ஒரு புதுச் சட்டமும் வேண்டாம்.

"செய்கூலி எழுதினா சேலை விலை ஏறும், அப்புறம் யார் வாங்குவா?" நியாயமான கேள்வி. கொஞ்சம் பேர் விலகிப் போவாங்க, எனக்கே போனாங்க. இப்ப வருஷத்துக்கு ஒரு பாவு மட்டும் சொந்தமா போடறோம். ஒவ்வொரு சேலையோடயும் ஒரு துண்டுச் சீட்டு வைக்கிறேன். சாமான் 11,000. செய்கூலி, ரெண்டு பேருக்கு, 240 மணி நேரம், 12,000. வட்டி, அனுப்புற செலவு, விக்காம தங்குற செலவு 2,000. ஆக 25,000. கடையை விட பாதி விலையெல்லாம் இல்ல. 12,000ஐ வகுத்தா மணிக்கு 50 ரூபாய்தான், அதுக்கே "என்ன தம்பி இவ்வளவு"ன்னு போனை வச்சவங்க இருக்காங்க. ஒரு பாவு விக்க ஏழெட்டு மாசம் ஆகுது. ஆனா வித்தது ஒண்ணுகூட நஷ்டத்துக்கு விக்கல.

என் ஒருத்தன் சீட்டால ஊர் மாறிடாது. நாளைக்கே பக்கத்துத் தெருவுல என்னை மாதிரி இன்னொருத்தன் பக்கம் ஆரம்பிச்சு, நான் முதல் வருஷம் பண்ணின அதே தப்பைப் பண்ணி, அவன் அப்பா கூலியைக் குறைச்சு 18,000க்கு விப்பான். அவனைத் திட்ட முடியாது. அதனாலதான் எல்லாரும் எழுதணும்னு கத்துறேன்.

நீங்க பட்டுதான் வாங்கணும்னு இல்ல. மண்பானை, கோரைப்பாய், பனையோலைப் பெட்டி, கூட படிக்கிற பொண்ணு பின்னித் தர்ற பை, எதுவா வேணா இருக்கட்டும். கையால செஞ்சதுன்னு சொல்லி யாராவது வித்தா "எவ்வளவு குறைப்பீங்க"ன்னு கேக்கறதுக்கு முன்னாடி "இதைச் செய்ய எவ்வளவு நேரம் ஆச்சு"ன்னு கேட்டுப் பாருங்க. விக்கறவங்களே பாதிப் பேர் முழிப்பாங்க, ஏன்னா அவங்களும் கணக்குப் போட்டிருக்க மாட்டாங்க. கூட படிக்கிறவங்க யாராவது சொந்தமா கைவேலை விக்க ஆரம்பிச்சிருந்தா அவங்களுக்கு நான் சொல்றதும் இதுதான். முதல்ல உங்க நேரத்துக்கு ஒரு ரேட் போடுங்க. வீட்ல கூடமாட உதவுற அம்மா நேரத்துக்கும் போடுங்க. அதுக்கப்புறம் லோகோ டிசைன் பண்ணலாம்.

போன மாசம் ஒரு அக்கா போன் பண்ணினாங்க. சீட்டைப் படிச்சுட்டுத்தான் பண்ணியிருக்காங்க. பேரம் பேசல. "ரெண்டு பேருக்குன்னு எழுதியிருக்கே, இன்னொருத்தர் யாரு?"ன்னு கேட்டாங்க. அம்மாதான்னு சொன்னேன். பணம் வந்ததும் ஆறாயிரத்தைப் பிரிச்சு அம்மா கையில குடுத்தேன்.

அம்மா ரெண்டு தடவை எண்ணிப் பார்த்துட்டு, "எனக்கு எதுக்குடா?"ன்னு கேட்டாங்க.

முப்பது வருஷமா நாடா தள்ளுற கை கேக்குற கேள்வி இது. சேலை வாங்குறவங்களும் விக்கறவங்களும் பதில் சொல்லுங்க.